தண்ணீர் கறுக்கவில்லை

சென்ற மாதம் ஓர் இளம் நிருபர் எனக்குப் போன் செய்தார். தோட்டா விலை ஏறிவிட்டது, வெடிமருந்து கிடைக்கவே இல்லை என்று துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறார்களாம். தென்காசியில் துப்பாக்கிக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். காரணத்தை இரண்டு வரியில் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

சொன்னேன். தோட்டாவுக்குள் போடும் புகையில்லா மருந்து பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. எங்கேயோ சண்டை நடந்தால் பீரங்கிக் குண்டுக்குப் போகும் அதே மூலப்பொருள்தான் இதற்கும் வேண்டும். அங்கே போனதுபோக மிஞ்சியதுதான் நமக்கு. விவசாயிகளின் பழைய துப்பாக்கிக்குப் போடும் கருமருந்தின் கதை வேறு. அதைச் செய்ய உரிமம் உள்ள ஆலைகள் குறைந்துவிட்டன. கொண்டுவரத் தனி அனுமதி உள்ள வண்டி வேண்டும். சில கிலோ சரக்குக்காக யாரும் வண்டியைக் கிளப்புவதில்லை.

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இதனால யாருக்காவது பாதிப்பு உண்டா சார்?" என்று கேட்டார். உண்டு, ஆனால் அது இரண்டு வரியில் அடங்காது என்றேன். "பரவாயில்ல சார், இடம் இல்ல" என்று வைத்துவிட்டார். அவர்மேல் குறை இல்லை. நானும் கடைக்கு வருமுன் ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன். இடம் இல்லை என்ற பதிலை நிறையக் கேட்டிருக்கிறேன்.

பத்திரிகை வேலை நிலைக்கவில்லை என்றதும் கடையில் சேர்ந்தேன். கூலக்கடை பஜாரை ஒட்டிய சந்தில், இரும்புக் கம்பிக் கதவு போட்ட ஒற்றை அறை. முதல் ஆறு மாதம் எண்ணெய்த் துணியைத் தவிர எதையும் தொடவிடவில்லை. அதன் பிறகு துடைக்க, பிறகு பிரிக்க, பிறகு பூட்ட. கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் முதலாளியைப் பார்த்து வந்தது.

முதலாளி காதர் மைதீன் கடையநல்லூர்க்காரர். அவர் வாழ்நாளில் ஒரு முறைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லமாட்டார், குறையாகவும் சொல்லமாட்டார். குரல் உயராது. கேள்வியை மட்டும் இரண்டு முறை கேட்பார். முதல் பதில் வாயிலிருந்து வருவது, இரண்டாவதுதான் யோசித்து வருவது என்பது அவர் கணக்கு. என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "ரிப்போட்டரு" என்பார். கடைக்கு வருகிறவர்களுக்கும் அதுவே என் பெயராயிற்று.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கியோடு யார் உள்ளே வந்தாலும், இருபது வருடப் பழக்கமாக இருந்தாலும், வணக்கத்துக்கு முன்னால், "புஸ்தகத்த எடும்" என்பார். உரிமப் புத்தகத்தைச் சொல்கிறார். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள், அந்த உறையை மஞ்சப்பைக்குள், பையை மடித்து இடுப்பில் என்று வைத்திருப்பார்கள். எடுக்க இரண்டு கையும் வேண்டும். அதற்காகத் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தே ஆகவேண்டும். தவறி வெடித்தால் குண்டை வாங்கிக்கொள்ள, சாய்த்த இடத்தில் ஒரு மணல் பெட்டி இருக்கும். அதன் பிறகு துப்பாக்கி எங்கள் பொறுப்பு.

அடுத்தது கம்பி. விவசாயிகள் வைத்திருப்பது குழல் வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழலுக்குள் கம்பியை விட்டு, வாயருகே கட்டைவிரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி அடிவரை போயிருந்தால் காலி. நாலு விரல் குறைந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. இதை நான் ஒரு முறை செய்வேன். அதன் பிறகு கொண்டுவந்தவர் செய்ய வேண்டும். அவர் முகத்தை முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார்.

தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். அறிவிப்பு வந்த இரண்டு மூன்று நாள் சந்து முழுக்க ஆள் நிற்கும். ஒப்படைக்கக் கிளம்புமுன் துப்பாக்கியில் இருக்கிற மருந்தை வானத்தைப் பார்த்துச் சுட்டுக் காலி செய்துவிட்டு வருவது மலையடிவார வழக்கம். மேக்கரை, வடகரைப் பக்கம் அந்த நாட்களில் மாலையில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் எண்ணுவார்கள்.

நான் சொல்ல வந்தது சில வருடங்களுக்கு முந்தைய ஒரு தேர்தல். அந்த வருடம் சத்தம் குறைவு. கடையில் கருமருந்து தீர்ந்து மாதங்கள் ஆகியிருந்தன. வருகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியை நீட்டுமுன் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மருந்து வந்துட்டா?" முதலாளி தலையை ஆட்டுவார். "எப்பம் வரும்?" அதற்கும் அதே தலையாட்டல். வாழையும் மரச்சீனிக் கிழங்கும் நிற்கிற காலம். காட்டுப்பன்றி இறங்கிவிட்டால் ஒரு ராத்திரியில் ஒரு வருட வேலை போய்விடும்.

ஒப்படைக்கக் கடைசி நாள். மதியம் மூன்று மணி இருக்கும். அருணாசலம் வந்தார். மேக்கரைக்காரர். அரை ஏக்கர் மரச்சீனியும் கொஞ்சம் வாழையும் சொந்தம். வாரத்தில் மூன்று நாள் குற்றாலத்தில் ஜேக்கப் சார் வீட்டுத் தோட்டத்தில் வேலை. ஜேக்கப் சாரும் எங்கள் வாடிக்கையாளர்தான். எஸ்டேட் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரைபிள் கிளப் போட்டிக்குப் பழகுகிறவர். சுட்ட தோட்டா உறைகளில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்ள முறைப்படி அனுமதி வைத்திருந்தார். தராசில் நிறுத்து, அளந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்வார். அந்த மருந்துக்கும் அப்போது தட்டுப்பாடுதான்.

"புஸ்தகத்த எடும்" என்றார் முதலாளி.

அருணாசலம் எடுத்தார். நான் கம்பியை விட்டேன். நாலு விரல் குறைந்தது.

"உள்ள கெடக்கே அருணாசலம். ஏன்வே சுடாம கொண்டாந்திரு?"

"அது இருக்கட்டும் முதலாளி. திரும்ப வாங்கும்போது அப்படியே வாங்கிக்கிடுதேன்."

"மருந்தோட வாங்கமாட்டேன்னு உமக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா ஒரு கிடி மருந்த மானத்துல விட மனசு வரல முதலாளி. கெடைக்க மாட்டேங்குதுல்லா."

ஒரு முறை இடித்துப் போடும் மருந்தைத்தான் அவர்கள் கிடி என்பார்கள். முதலாளி இரண்டாவது முறை கேட்டார். "ஏன் சுடல?"

"மனசு வரல" என்றார் அருணாசலம் மறுபடி. பதில் மாறவில்லை.

அப்படியானால் தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டும். அதுதான் முறை. குதிரை என்கிற சுத்தியின் கீழ் இருந்த கேப்பை, அடிபட்டால் பொறி தரும் சின்ன உலோக மூடியை, எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, குழல் வாயில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, திருகு முனையுள்ள கம்பியால் அடைப்பை இழுத்து, மருந்தைக் கவிழ்க்க வேண்டும். அருணாசலம் குழலின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"தண்ணி ஊத்தாதீய ரிப்போட்டரு. காஞ்சபடிக்கே எடுத்துத் தாங்க. ஒரு காயிதத்துல மடிச்சிட்டுப் போயிருதேன்."

"கையை எடும்" என்றார் முதலாளி. வரிசையில் நின்ற ஒருவர், "யோவ், கெழவி முடிச்சு அவுக்க மாதிரி அவுக்காதயும், எங்களுக்கும் பஸ் இருக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள். அருணாசலம் கையை எடுத்தார். தண்ணீர் உள்ளே போவதைப் பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீ ஒன்று குடித்து முடிக்கிற நேரம் ஊறவிட்டேன். கம்பியைத் திருகி இழுத்தேன். தென்னைநார் அடைப்பு வந்தது. கொஞ்சம் ஈய ரவை வந்தது. பன்றியை விரட்ட மட்டும்தான் என்றால் ரவை எதற்கு என்று முதலாளி கேட்கவில்லை. பிறகு வெள்ளைப் பீங்கான் பேசினில் குழலைக் கவிழ்த்தேன்.

கருமருந்து தண்ணீரில் கரையும். மைப்புட்டியைக் கவிழ்த்ததுபோலக் கறுப்பாக வடியும். பேசினைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். அன்று வந்த தண்ணீர் லேசான துரு நிறம். அவ்வளவுதான். அதன் அடியில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தங்கின, மீன் செதிலைப் பொடியாக நறுக்கியதுபோல.

பேசினை முதலாளி பக்கம் நகர்த்தினேன். அவர் ஒரு வட்டத்தை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வரிசையில் நின்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிக் கம்பிக் கதவைச் சாத்தினார்.

அது தோட்டாவுக்குப் போடும் புகையில்லா மருந்து. கருமருந்தைப் போடுகிற அதே அளவில் அதைப் பழைய துப்பாக்கியில் போட்டு இடித்துச் சுட்டால் குழல் தாங்காது. பிளந்துவிடும். பிடித்திருக்கும் கை போகும். சில சமயம் முகமும் போகும். அருணாசலம் எல்லோரையும்போல வயலில் வைத்துச் சுட்டுக் காலி செய்துவிட்டு வந்திருந்தால், கடைக்கு வந்திருக்கமாட்டார். தட்டுப்பாடு அந்த மருந்தை அவர் துப்பாக்கிக்குள் கொண்டுபோனது. அதே தட்டுப்பாடு அதைச் சுடவிடாமலும் செய்தது.

"எங்கன கெடச்சுது?" என்றார் முதலாளி.

"சாரு தோட்டத்துல."

"எடுத்தீரா, குடுத்தாரா?"

"குடுத்தாரு முதலாளி. டப்பா பழசாப் போச்சு, வாடை மாறிப்போச்சு, மரத்து மூட்டுல தூவிரு, உரம்னு சொன்னாரு. எனக்குத் தூவ மனசு வரல. ஆர்லிக்ஸ் பாட்டில்ல அடச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன்."

ஜேக்கப் சார் சொன்னது சரியான முறைதான். கெட்டுப்போன புகையில்லா மருந்தை மண்ணில் மெல்லியதாகத் தூவிவிடுவார்கள். உரமாகப் போய்விடும். அருணாசலமும் பொய் சொல்லவில்லை.

முதலாளி அதே கேள்வியை இரண்டாவது முறை கேட்கவில்லை, வேறொன்றைக் கேட்டார். "வேற யாருக்குக் குடுத்தீரு?"

அருணாசலம் பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடசாமிக்கு" என்றார். "எம் மச்சினன். பாதி கேட்டான். பாதிக்குக் கொறவாத்தான் குடுத்தேன்."

"அவன் துப்பாக்கி எங்க?"

"இன்னைக்குச் சாயங்காலம் கொண்டுவாரேன்னான். அவன் சுட்டுட்டுத்தான் வருவான் முதலாளி. அவனுக்குச் சத்தம் கேக்கணும்."

மாடசாமியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மலையடியில் அவர் வயல் இருக்கும் இடத்தில் சிக்னல் கிடையாது. முதலாளி காவல் நிலையத்துக்குப் போன் போட்டார்; அடித்துக்கொண்டே இருந்தது. "நீங்க கெளம்புங்க" என்றார் என்னைப் பார்த்து. "நான் போட்டுக்கிட்டே இருக்கேன்." நான் பைக்கை எடுத்தேன். அருணாசலம் பின்னால் உட்கார்ந்தார்.

இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி. வழியில் அவர் பேசியது கொஞ்சம். என் தோளை மட்டும் பிடித்திருந்தார். செங்கோட்டையில் பிரசார வேன் ஒன்று குறுக்கே நின்று நகர மறுத்தது. ஒலிபெருக்கியில் வாக்குறுதிகள் முடியும்வரை காத்திருந்தோம். பண்பொழி தாண்டி வயல்வெளிக்குள் இறங்கியதும் மலைப்பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. தோளில் இருந்த விரல்கள் இறுகின.

"அது அவன் இல்ல" என்றார் காதருகே. "அவனுது கணீர்னு கேக்கும்."

இன்னொன்று கேட்டது. "வெரசாப் போங்க" என்றார்.

மாடசாமி வயலில் பம்புசெட் அறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தென்காசிக்குக் கிளம்பத் தயாராக. துப்பாக்கி கையில் இருந்தது. வாழைகள் குலை தள்ளி நின்றன. பைக்கை வரப்பில் நிறுத்திவிட்டு நடந்தோம். அருணாசலத்துக்கு மூச்சு வாங்கியது.

"என்ன அத்தான், கடக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கிய?"

"ஏலே, அந்த மருந்து..."

"குடுத்து ரெண்டு நா ஆகல. திரும்பக் கேக்க வந்துட்டீரோ? அக்கா ஏதும் சொன்னாளா?"

"அதில்லலே. அது வேற மருந்து."

"வேற மருந்துதான். ஒசத்தி மருந்து. அதானே எனக்கு ஒரு மூடி கொறச்சு அளந்தீரு. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

"ஏலே கேளுலே. சுடாத."

"சுடக்கூடாது, உம்ம மருந்து செலவாயிரும். சாட்சிக்குக் கடக்காரரு வேற." மாடசாமியின் முகம் சிவந்துவிட்டது. துப்பாக்கியைத் தூக்கினார். கேப் போட்டிருந்தது எனக்குத் தெரிந்தது. "இந்தா, மானத்துல விடுதேன். கீழ விழுந்தா பெறக்கிட்டுப் போரும்."

குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தார். அந்தச் சத்தம் எனக்குப் பழகியது. அருணாசலம் முன்னால் பாய்வார் என்று தோன்றியது. பாய்ந்திருந்தால் அங்கேயே வெடித்திருக்கும். ஓடாதே, கத்தாதே என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறபோது கேட்டுக் கேட்டு ஊறிய சொல்தான் வாயில் வந்தது.

"புஸ்தகத்த எடும்."

மாடசாமி என்னைப் பார்த்தார். "என்னது?"

"ஒப்படைக்கிற துப்பாக்கிதானே. புஸ்தகத்த எடும், பாப்போம்."

ஒரு கணம் நின்றார். பிறகு குதிரையைப் பெருவிரலால் தாங்கி மெதுவாக இறக்கினார், துப்பாக்கியைப் பம்புசெட் சுவரில் சாய்த்தார், வெள்ளைச் சட்டையைத் தூக்கி இடுப்பில் இருந்த பையை இரண்டு கையாலும் அவிழ்க்கத் தொடங்கினார். நான் நடந்துபோய்த் துப்பாக்கியை எடுத்து, கேப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் புத்தகத்தை நீட்டினார். வாங்கினேன்.

அருணாசலம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். மாடசாமி நம்பவில்லை. "பயங்காட்டுதியளா?" என்றார். பம்புசெட் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி அவர் கண்முன்னே எடுத்தேன். தண்ணீர் கறுக்கவில்லை. அதன் பிறகு அவர் தன் இடது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த மிச்சத்தை அருணாசலத்தின் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டேன். இருட்டுமுன் இரண்டு துப்பாக்கியும் கடையில் இருந்தன.

மறுநாள் ஜேக்கப் சார் அருணாசலத்தையும் ஏற்றிக்கொண்டு காரில் கடைக்கு வந்தார். செங்கோட்டைப் பக்கத்து மலையாளம் கலந்த தமிழ் அவருடையது. நாற்காலியில் உட்கார்ந்து அருணாசலத்தைப் பார்த்து, "நான் உரம்னு பறஞ்சேன் அல்லோ?" என்றார்.

"சொன்னீய சார்" என்றார் அருணாசலம். "உரத்த யாரு சார் டப்பாவுல போட்டுப் பூட்டி வைப்பா?"

முதலாளி காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். எவ்வளவு சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இருவர் உரிமமும் போகவில்லை.

தேர்தல் முடிந்து, எண்ணி முடித்து, துப்பாக்கியைத் திரும்பக் கொடுக்க உத்தரவு வரும்வரை வயல்களில் தகர டப்பாவைத் தட்டித்தான் விரட்டினார்கள். பன்றிகள் இரண்டு நாளில் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டன. மாடசாமி துப்பாக்கி வாங்க வந்தபோது அவர் வாழையில் பாதிக்கு மேல் போயிருந்தது.

"நீரு அன்னைக்கு வந்தீரு, கை தப்பிச்சு" என்றார் என்னிடம். "இப்பம் கை இருக்கு, வாழை இல்ல. வெறுங்கைய வச்சு என்னவே செய்ய?" சிரித்தார். கம்பியை விட்டுப் பார்த்துக்கொண்டார். அடிவரை போனது. "மருந்து வந்துட்டா?"

"இல்ல."

"சாருட்ட இருக்குமோ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சும்மா கேட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு போனார். அவர் சும்மா கேட்டாரா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. சந்து முனையில் வண்டி திரும்பியதும் ஜேக்கப் சாருக்குப் போன் செய்தேன். பழைய டப்பா ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு உண்டு" என்றார். "அதுவும் சரியில்லைன்னு தோணுது. விலை இப்படி ஏறிக்கிடக்கும்போ தூவ மனசு வரலை."

நான் வருகிறேன், அதுவரை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குற்றாலத்தில் அவர் வீட்டுத் தோட்டத்துக்குள் போனபோது, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இருவருமாகப் பலா மரங்களின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினோம். அன்று அருணாசலத்துக்கு வேலை நாள். தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி எங்களுக்குப் பின்னால் வந்தார். நாங்கள் தூவிய இடத்தை நனைத்துக்கொண்டே வர வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொன்ன வேலை. ஒவ்வொரு பிடி விழும்போதும் அவர் கண் அதோடு மண்வரைக்கும் போனது. தண்ணீரை உடனே ஊற்றவில்லை. "ஊத்தும்வே" என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.